பதினேழாவது பட்டை

என் லில்லி மக்கா,

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய் நான்கு மாதமாகிறது. நான் இன்னும் பாறசாலையிலிருந்து அதே காலை ரயிலில்தான் திருவனந்தபுரம் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறேன். உன் இருக்கையில் யார் யாரோ உட்காருகிறார்கள்.

நாம் சேர்ந்து உடைத்துப் பார்த்த முப்பது பீங்கான் பட்டைகளில் பதினேழாவது, மற்றவை தாங்கிய பாரத்தில் பாதிகூடத் தாங்கவில்லையே, ஞாபகமிருக்கிறதா? நீதான் இயந்திரத்தைச் சரிபார்த்து, ‘இயந்திரத்தில் பிழையில்லை’ என்று நோட்டில் எழுதினாய்.

"அக்கா, எஞ்சினுக்குள்ள போடப்போற சாதனமாக்கும் இது. மோசமான ஒண்ணு எப்ப உடையும்னுதானே நாம கண்டுபிடிக்கணும்?" என்றாய்.

நீ போனபிறகு வழிகாட்டி சார் வரைபடத்தைப் பார்த்தார். "அதங்ஙு விட்டுகள, குட்டீ" என்றார், பதினேழை விட்டுவிடச் சொல்லி. அந்த ஒன்றை விட்டுவிட்டால் புள்ளிகள் எல்லாம் நேர்கோட்டில் நிற்கும். விடாவிட்டால் என் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து கிடையாது. மாப்பிள்ளை வீட்டாரோ ஆய்வேடு முடிந்தபிறகுதான் கல்யாணம் என்றார்கள். "என்னைக்கு முடியும்?" என்று அம்மா தினமும் கேட்டாள். நோட்டில் உன் எழுத்தின்மேல் கோடு போட்டு, பதினேழை நீக்கிவிட்டேன், லில்லி.

பிறகு காரோடு ஊருக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். சாயா தந்துவிட்டு, "மக்கா, அவ செய்த வேல உனக்க புக்குல உண்டா?" என்று கேட்டார். "உண்டும்மா" என்றேன். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் அந்த உடைந்த துண்டைத் தேடியெடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். விளிம்பை ஒட்டி, சூளைக்குப் போகும் முன்பே உள்ளே தங்கிவிட்ட ஒரு சிறு துளை. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. அதே மாதிரி ஒன்று ஓடுகிற எஞ்சினுக்குள் இருந்தால்?

பதினேழை மறுபடி சேர்த்து சாரிடம் கொடுத்தேன். அவர் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "எங்கில் இனி ஒரு கொல்லங்கூடி இவிடெ இரு" என்றார். அப்படியானால் இன்னும் ஒரு வருடம் இங்கேயே. கல்யாணம் தள்ளிப்போயிற்று. அம்மா என்னிடம் பேசுவதில்லை. பாதி ஆய்வேட்டோடு வேறு எங்கே போவேன்? அதே அறை, அதே இயந்திரம், கதவு திறந்துதான் இருக்கிறது, போக இடமில்லை.

முதலில் நான் கோடு போட்டதற்கு என்னைத் திட்டியிருப்பாயா, மக்கா? இல்லை, பேசாமல் இருந்திருப்பாயா? இரண்டாவதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

புதுப் பட்டைகள் திங்கட்கிழமை வருகின்றன. எது எப்படி உடைந்தாலும் உடைந்தபடியே எழுதுவேன். கையெழுத்து கிடைத்தாலும் இல்லாவிட்டாலும், முதல் பக்கத்தில் என் பெயருக்கு முன்னால் உன் பெயர் இருக்கும். அதை உன் அம்மாவிடம் நானே கொண்டுபோய்க் காட்டுவேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
சுமதி
செங்கல் கிராமம், பாறசாலை வழி