வலிக்காத ஊசி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். அப்பாவின் முட்டிவலி தேவலையா? வெறும் வயிற்றில் மாத்திரை போடவிடாதே.

நான் பள்ளியிலேயே முதல் மார்க் என்று நீ பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறாய். இங்கே என் அறைத்தோழி தட்டுத்தடுமாறிப் பாஸானவள். நர்சிங் எழுத்துத் தேர்வுக்கு நான்தான் அவளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஆனால் வார்டில் எல்லோருக்கும் அவள்தான் வேண்டும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்தேன். புத்தகத்தில் உள்ளதை வரிசையாக முணுமுணுத்துக்கொண்டே செய்தும், கையில் கட்டிய பட்டையை அவிழ்க்காமல் ஊசியை உருவிவிட்டேன். அவர் சட்டையெல்லாம் ரத்தம். "பாடம் ஒப்பிச்சது போதும்மா, அந்தப் பொண்ணக் கூப்பிடு" என்றார். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க், தெரியுமா!

இங்கே குளிர் அதிகம். நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அனுப்பு, புதிது வேண்டாம். கூடத்தில் மாட்டியிருக்கும் என் மார்க் ஷீட்டைக் கழற்றிவிடாதே. அங்கேயாவது அதற்கு மரியாதை இருக்கட்டும்.

எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை, பயப்படாதே. ரத்தப் பரிசோதனைக்கு, "யாரு எடுக்கட்டும்?" என்று பெரிய நர்ஸ் கேட்டார். நான் அவளைத்தான் கூப்பிட்டேன்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒரே குத்தில் எடுத்துவிட்டாள், அம்மா. வலிக்கவே இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

உன் மகள்