வசந்தி வரைந்த கடைசி வட்டம்

அன்புள்ள வசந்தி,

நீ எங்கோ இருந்து இதைப் படிப்பாய் என்று நம்புகிறவள் இல்லை நான். உனக்கே தெரியும். ஆனாலும் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து உன்னிடம் சொல்லாமல் இருந்து பழக்கமில்லை.

நமக்கு இருந்தது ஒரே விதி. செயற்கைக்கோள் படத்தில் கல்வட்டம் போலத் தெரிவதைச் சுற்றி ஒருத்தி கணினியில் கோடு வரைந்தால், நேரில் போய்ப் பார்ப்பது மற்றவள். வரைந்தவளுக்கு ஆசை இருக்கும், அவள் கண்ணை நம்பக்கூடாது என்று நான் பிடிவாதமாக வைத்த விதி. பழங்காலத்தில் செத்தவர்களைப் புதைத்துச் சுற்றிலும் கல் நட்ட வட்டங்கள் அவை. பல, மனைப்பிரிவுகளுக்கு அடியில் போய்விட்டன. நாம் சரிபார்த்தவற்றைக் காட்டித்தான் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தோம், மீதியை அது தேடட்டும் என்று.

நீ கடைசியாக வரைந்தது மட்டும் பார்க்கப்படாமலே கிடந்தது. கள்ளிக்குப்பம் வீட்டில், தலையணையில் சாய்ந்தபடி வரைந்தாய். "இது நிச்சயம்க்கா, எழுதி வச்சுக்கோ," என்றாய். எனக்கும் அது நிஜமாக இருக்க வேண்டும் என்றிருந்தது. அதனால்தான் இத்தனை மாதம் போகாமல் இருந்தேனோ?

போன வாரம் போனேன். பூந்தமல்லி தாண்டி ஒரு செம்மண் வெளி. வட்டம் இருந்தது, கல் இல்லை. குனிந்து தேடிக்கொண்டிருந்தபோதே ஒரு டிப்பர் லாரி வந்து, அந்த வட்டத்தின் மேலேயே வளைந்து திரும்பியது.

கிளீனர் தலையை நீட்டினான். "யக்கா, ஓரமா போ. இன்னா தேடிகினு கீற? கொலுசு வுட்டுட்டியா?"

"இல்லப்பா. சிநேகிதி ஒருத்தி சொன்ன இடம். பாக்க வந்தேன்."

"அவங்க வர்லியா?"

"வரல."

"நல்ல சிநேகிதி போ. வெயில்ல உன்ன மட்டும் அனுப்பிட்டு."

தூசி அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

மேனாம்பேடு வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். கல்வட்டம்தான் என்று 'ஆம்' வரிசையில் சேர்த்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அப்புறம் லாரி திரும்பிய இடத்தையெல்லாம் கணினி கல்லறை என்று காட்டும். நிஜக் கல்வட்டத்தைக் காப்பாற்றச் சொல்லிப் போய் நிற்கும்போது நம்மை யார் நம்புவார்கள்?

'இல்லை' வரிசையில் சேர்த்தேன். அழிக்கவில்லை, வசந்தி. எது கல்வட்டம் இல்லை என்பதையும் கணினிக்குக் காட்ட வேண்டுமே. உன் கோடு எப்போதும் போல, முடிய வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போயிருக்கிறது. அதை நான் திருத்த மாட்டேன்.

இப்போது நான் வரைந்தவைதான் மிச்சம். அவற்றைப் பார்க்க யார் நடப்பார்கள் என்று தெரியவில்லை. நானே போய், நானே சரி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இன்னொருத்தி வரும்வரை அவை எந்த வரிசையிலும் சேராமல் இருக்கும்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
மல்லிகா