எந்த ஊற்றில் பச்சை வரும்

ஐப்பசி 3, திங்கள்

விடியலில் தூறல். ரோஜாவுக்கு மருந்தடிக்க முடியவில்லை. விளக்கேற்றிப் பேரப்பிள்ளைகள் பெயரை வரிசையாகச் சொன்னேன். பெரியவன் மகன் ஓசூர் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் தங்கை மத்தூரில் நர்ஸ். மகள் வீட்டுப் பையன் பத்தாவதில் பள்ளி முதல். சின்னவன் மகள் கவிதா, மேகாலயா மலையில் தண்ணீர் போகும் வழியை வரைபடமாகப் போடுகிறாள். நான் படித்தது ஐந்தாவது வரை. போதும் தாயே.

மதியம் கவிதா போன். அங்கே சுண்ணாம்புக்கல் மலை. மழை கல்லைக் கரைத்து உள்ளே எல்லாம் குகை. மேலே குழியில் விழும் ஓடை கீழே எங்கே வருகிறது என்று தெரியாது. மேலூரார் அந்தக் குழியில் குப்பை கொட்டுகிறார்கள். கீழூர்ப் பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. எங்கள் குப்பை அங்கே போகாது என்று மேலூர்த் தலைவர் சாதிக்கிறாராம். இன்று குழியில் பச்சைச் சாயம் ஊற்றியிருக்கிறாள். உடம்புக்குக் கெடுதல் இல்லாதது. கீழூர் ஊற்றில் பச்சை வந்தால் குப்பையை நிறுத்துவதாகத் தலைவர் வாக்கு.

கீழூரில் பச்சை வரும்வரை காபி இல்லை என்று வேண்டிக்கொண்டேன்.

ஐப்பசி 4, செவ்வாய்

தலைவலி. பக்கத்து வீட்டு ரத்னம்மாவிடம் விஷயம் சொன்னேன்.

"ஏனக்கா, அத்தினி படிச்சிட்டு ஓட்டைல சாயம் ஊத்தவா போனா?"

"உம் மருமகன் நாலு எடத்துல போர் போட்டானே, தண்ணி இருக்கற எடம் தெரிஞ்சா போட்டான்?"

எழுந்து வீட்டுக்குப் போனாள். பிறகு அவளே காபி கொண்டுவந்தாள். வேண்டாம் என்றதும், "கோவமாக்கா?"

ஐப்பசி 5, புதன்

மழை. போன் இல்லை. கொத்தமல்லி இரண்டு கட்டு அழுகல்.

ஐப்பசி 6, வியாழன்

பச்சை வந்துவிட்டது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம், யாரும் குடிக்காத ஊற்றில்.

"தலைவரு சிரிக்கறாரு ஆயா. நாந்தான் தப்பா சொல்லிட்டனோ?"

மூக்கை உறிஞ்சினாள்; சளியோ அழுகையோ. எனக்கு என்ன தெரியும். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

ஐப்பசி 8, சனி

வெயில். காபி இரண்டு டம்ளர். ஆமாம், வந்துவிட்டது! கீழூர் ஊற்றிலும். குழி ஒன்று, உள்ளே இரண்டு வழியாம்.

"தலைவரக் கூட்டியாந்து காமிச்சோம் ஆயா. ஆனா யாருமே சந்தோசப்படல."

ஒருத்தி குடத்தைக் கவிழ்த்துவிட்டு, இத்தனை நாள் இதைத்தானா என் பிள்ளைக்குக் கொடுத்தேன் என்று அழுதாளாம்.  தலைவர் உடனே தன் சொந்த வண்டியை அனுப்பிக் குப்பையை அள்ளச் சொன்னாராம். முகம் தெரியாத மனிதர், நன்றாக இருக்கட்டும். அந்தத் தாயின் பிள்ளையும்.

ஐப்பசி 9, ஞாயிறு

கவிதாவிடம் சொல்ல வேண்டியவை: சளிக்கு மிளகு. ஈரத் துணியோடு நிற்காதே. அந்த ஊர்ப் பெண்களோடு ஊற்றுப் பக்கம் நின்று புதுப் படம் ஒன்று எடு. போனில் வந்தால் எனக்குத் திறக்கத் தெரியாது. பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. முகம் தெரியும்படி. விளக்குப் பக்கம் வைக்க வேண்டும்.