நீ என்னிடம் கேட்காத கேள்வி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தன்னிஷ்டத்துக்கு இருக்கிறது. அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தத் திமிரில் மீசை வளர்க்கிறான். உன் கடிதம் நான்கு பக்கம், அதில் மூன்று பக்கம் நீ குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், அந்த ரிட்டயரான நீதிபதிதான். போர் எப்போதாவது நியாயமாகுமா என்று அவரிடம் கேட்டாயாம், அடிக்க வந்தவனைத் தடுப்பது நியாயம், வேறு வழியே இல்லாதபோது நியாயம் என்று அவர் அழகாக எடுத்துச் சொன்னாராம். என்னிடம் முழங்காலைத்தான் விசாரித்திருக்கிறாய். உங்களுக்கு வயித்தெரிச்சல்னு அம்மா சிரிக்கிறாள். ஆமாம், வயிற்றெரிச்சல்தான். மூன்று நாளாக அந்த மனுஷனை மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். போரில் இருந்தவன் நானா அவரா? சரி, நான் துப்பாக்கி பிடிக்கவில்லை. போர்டு எழுதுகிறவனுக்கு யார் துப்பாக்கி தருவார்கள், பிரஷ்தான் கொடுத்தார்கள்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எதிரிப்படை வழி தெரியாமல் அலையட்டும் என்று சாலையில் இருந்த ஊர்ப் பலகைகளை எல்லாம் அழிக்கச் சொன்னார்கள். எல்லாம் நானே எழுதியவை. இரண்டு நாளில் நாற்பது பலகைக்கு வெள்ளையடித்தேன், ஓர் எழுத்துகூட மங்கலாகத் தெரியக்கூடாது என்று இரண்டு பூச்சு. எதிரிப்படை நிஜமாகவே வழி தவறியது, கிடைத்த ஒரு நாளில் ஊர் ஜனம் தப்பித்தது, எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். அன்று காலைதான் உன் பெரியப்பாவுக்குக் குடல்வால் வெடித்தது. பக்கத்து ஊரிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் புது ஆள். முச்சந்தியில் வெறும் வெள்ளைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தப்பான பக்கம் திரும்பிவிட்டார். வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பெரியப்பா காய்ச்சலில் போனார் என்று பிள்ளைகளான உங்களுக்குச் சொன்னது நான்தான். அந்தப் போர் நியாயமா என்றால் நியாயம்தான். நாளைக்கே படை வந்தாலும் மறுபடி வெள்ளையடிப்பேன், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றுவரை உன் பெரியம்மா எதிரே என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக முடியட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இந்தக் கடிதத்தை நீதிபதியிடம் காட்டாதே. படித்தால், என் மேல் தப்பில்லை என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதைச் சொல்வதானால் நீ சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா