சும்மாவை எடுத்துவிட்டுச் சொல்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். அப்பாவுக்குக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று, வலி போய்விட்டது, பேச்சுதான் போகவில்லை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளை நாளை என்கிறார். நீ போன வாரம் போனில், உன் கல்லூரி நூலகத்தில் பகுதிநேரமாக வேலை பார்க்கிற மாணவர்கள் வருகிறார்கள், உட்காருகிறார்கள், நேரமானதும் எழுந்து போகிறார்கள், இதுகளுக்கு நான் என்ன மதிப்பீடு எழுதுவது என்று அலுத்துக்கொண்டாய் அல்லவா, அப்போது அடுப்பில் பால் இருந்ததால் போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உன் தம்பியும் அந்த ரகம்தான். வகுப்பு முடிந்ததும் அவன் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறான் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு கம்பெனி நேர்முகத்துக்குப் போனான். அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டதற்கு, வீட்ல சும்மாதான் இருக்காங்க சார் என்றிருக்கிறான். சரி, லேபில் நீ என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, அதுவும் சும்மாதான் சார், உக்காந்திருப்பேன் என்றிருக்கிறான். அவர்களும் சும்மா அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு ஒன்றுதான். அதுவும் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று நான் விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொண்டேன். அவனோ தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போவான், கேட்டால் பசியில்லை என்பான்.

அந்த லேபின் பொறுப்பாளர் ஒரு அம்மாள், உன் வயதுதான் இருக்கும். பையன்கள் வைத்த பெயர் சர்வர் மேடம், மற்ற கம்ப்யூட்டர்களை ஓட்டுகிற சர்வர் நின்றால் நிற்கிற மாதிரி, அவர் முகம் சுருங்கினாலும் லேபே நின்றுவிடுமாம். நடந்ததைக் கேட்டதும் அவர், நீ சும்மா உக்காந்திருந்தா இத்தனை நாளும் நான் எதுக்குடா உனக்குச் சம்பளம் போட்டேன் என்று எல்லார் முன்னாலும் ஒரு பிடி பிடித்திருக்கிறார். பிறகு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, செய்முறைத் தேர்வு அன்னிக்கு பிரின்டர் படுத்துக்கிச்சே, பிள்ளைங்களை ரெண்டா பிரிச்சு பாதிப் பேரை ஆபீஸ் பிரின்டருக்குக் கூட்டிட்டுப் போனது யாரு, பாஸ்வேர்டு மறந்துட்டு அழுத முதலாண்டுப் பொண்ணைச் சமாதானப்படுத்தி உள்ளே நுழைய வச்சது யாரு என்று கேட்டாராம். ஆஸ்பத்திரி விளம்பரத்தை எடுத்து, இதில் நீ ஏற்கெனவே செய்கிற வேலை எது, காட்டு என்றாராம். இவன் காட்டக் காட்ட, நர்சுகளுக்குக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் ஓடுகிற வேலையும் லேபில் இவன் ஓடுகிற வேலையும் ஒன்றேதான் என்று இவனுக்கே அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து அந்த லேபில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாரும் வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, அந்த வாரம் தன்னால் யாருக்கு என்ன காரியம் நடந்தது என்று மேடத்திடம் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். சும்மா என்று ஆரம்பித்தால், அந்தச் சும்மாவை எடுத்துட்டுச் சொல்லு என்பாராம். மதிப்பீட்டில் அவர் எழுதுவதும் அந்த வாக்கியங்களைத்தானாம். உனக்கு இது போதும் என்று நினைக்கிறேன். உன் நூலகப் பிள்ளைகள் உட்கார்ந்து போனைப் பார்ப்பது எனக்கும் பிடிக்காதுதான், ஆனால் தான் செய்வது வேலை என்று யாராவது சொன்னால்தானே நிமிர்ந்து உட்காரும்.

ஆஸ்பத்திரி நேர்முகத்தில், கல்லூரி லேபில் என்ன செய்கிறாய் என்ற கேள்விக்கு இவன் மளமளவென்று பதில் சொல்லியிருக்கிறான், பிரின்டர் கதையை அவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்களாம். எல்லாம் முடிகிற நேரத்தில், அம்மா என்ன செய்கிறார்கள் என்று அங்கேயும் கேட்டுவிட்டார்கள். இவன், வீட்ல என்று தொடங்கி, அடுத்த வார்த்தை வாய்வரை வந்து, அதை விழுங்கிவிட்டு, வேறு வார்த்தை அகப்படாமல், கேட்டுட்டு வந்து சொல்றேன் சார் என்றானாம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. நேற்று வேலை உத்தரவு வந்துவிட்டது, அடுத்த மாதம் சேரவேண்டும். எனக்குச் சந்தோஷம், அப்பா அந்தக் காகிதத்தைப் பல் போன இடத்தோடு சேர்த்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்காமல் தள்ளிப்போட வேண்டாம். அந்த மாணவர்களை இந்த வெள்ளிக்கிழமையே கேள், மறந்துவிடாதே. இருவரும் நன்றாக இருங்கள், நினைத்ததெல்லாம் நடக்கட்டும். இன்னும் எழுதுவேன், ஆனால் உன் தம்பி காலையிலிருந்து பின்னாலேயே சுற்றுகிறான். நீ என்னதாம்மா பண்றே, சொல்லு, ஆஸ்பத்திரியில கேப்பாங்க என்கிறான். உட்காருடா, நேரமாகும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும்
உன் அம்மா