இரண்டாவது மடக்கு

என் பெரிய பெண்ணுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கை மூவரும் நலம். அங்கே நீயும் அத்தையும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டேன் என்கிறாயாம். அதனால்தான் கடிதம். ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் என்றால் நீ அழுவாய், நான் கிண்டல் பண்ணுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவோம். என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஒன்பதாம் வகுப்பு என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கதவைச் சாத்திக்கொண்டது.

இனி அந்தப் பள்ளிக்குப் போக மாட்டேன், வீட்டுக்கே வந்து தங்கச்சி பள்ளியில் சேர்ந்துகொள்கிறேன் என்று அத்தையிடம் சொன்னாயாம். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லையாம். காரணம் எனக்குத் தெரியும். காரணம் ஆறடி உயரம், வழுக்கைத் தலை, கையில் பைப் ரெஞ்ச்.

செவ்வாய்க்கிழமை குழாய் வேலைக்கு நான் அங்கே வந்தது தற்செயல் என்று நினைத்திருப்பாய். இல்லை. மேஸ்திரி வேறு ஆளைத்தான் அனுப்ப இருந்தார். நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாலு மாதமாக உன் பள்ளியை வெளிச்சுவர் வரைக்கும்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு தடவை பார்த்துவிட ஆசை. உன்னைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும் என்று இரண்டு பஸ்ஸிலும் எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். நான் என்றைக்குப் பாடத்தில் பாஸானேன்?

அங்கே குடிதண்ணீர்க் குழாய் மட்டும் பதினெட்டு. அதில் ஒன்று சொட்டுகிறது என்பதற்காக ஆள் கூப்பிடுகிறார்கள். தங்கை பள்ளியில் மூன்று குழாய், ஒன்றில்தான் தண்ணீர் வரும். அதையும் இரண்டு தடவை நான் போய்ச் சரிபண்ணினேன். அறிவியல் டீச்சர் போய் ஆறு மாதமாகிறது. கணக்கு டீச்சரே அறிவியல் புத்தகத்தையும் வாசித்துக் காட்டுகிறாராம். பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வகுப்பில் அறுபத்திரண்டு பேர். உங்கள் பள்ளியில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியாத குழாய் அது ஒன்றுதான்.

அதைப் பார்த்த சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டுப்போனது. குழாய் மாட்டி முடித்தால் முதல் மடக்கு நான் குடித்துப் பார்ப்பேன், இரண்டாவது மடக்கு உனக்கு. நாலு வயதில் என்னோடு வேலைக்கு வந்ததிலிருந்து அதுதான் நம் பழக்கம். செவ்வாய்க்கிழமையும் குடித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே நீ, உன் தோழிகளோடு. கை தானாகத் தம்ளரை நீட்டிவிட்டது. "வாம்மா, இரண்டாவது உனக்கு" என்று வாயும் சொல்லிவிட்டது.

"யாருடி இவரு?" என்று உன் தோழிகளில் ஒருத்தி கேட்டாள்.

"தெரியல. குழாய் ரிப்பேர் பண்றவரு" என்றாய்.

நானும் சிரித்துக்கொண்டே, கண் சரியாகத் தெரியவில்லை, எங்கள் வீட்டுப் பெண் என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீ செய்தது தப்பில்லை, கண்ணு. அந்தப் பள்ளி அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைத்தான் சேர்க்கும். விண்ணப்பத்தில் அத்தை வீட்டு விலாசத்தைப் போட்டு, அப்பா வெளிநாட்டில் என்று எழுதியது நான். யார் கேட்டாலும் அதையே சொல் என்று ஒரு வாரம் உன்னை ஒப்பிக்க வைத்ததும் நான். நீ பாடத்தை மறக்கவில்லை. வாத்தியார்தான் மறந்துவிட்டார்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ வளர்ந்துவிட்டாய் என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டாள். என் தோள் வரைக்கும் என்றேன். உண்மையில், பக்கத்தில் நிற்காததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இங்கே வந்துவிடாதே. அத்தை வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருந்தது. இரண்டு பேரில் உன்னை அனுப்பினோம், அவளை வைத்துக்கொண்டோம். அதைப் பற்றி நானும் அம்மாவும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை. தங்கையும் கேட்டதில்லை. உன் பழைய புத்தகங்களுக்கு அட்டை போட்டு வைத்திருக்கிறாள். நீயும் திரும்பி வந்துவிட்டால் அவளுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? லீவுக்கு வரும்போது அந்தக் கண்ணாடிக் குழாயில் என்ன செய்கிறீர்கள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடு. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், புரிகிற மாதிரி தலையாட்ட எனக்கு வரும்.

இனி அந்தப் பள்ளி வேலை வந்தால் நான் போக மாட்டேன். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். நல்ல வாஷர் போட்டிருக்கிறேன், நீ பத்தாவது முடிக்கும் வரை தாங்கும்.

இடது பக்கத்திலிருந்து மூன்றாவது குழாய். முதல் மடக்கு நான் குடித்துப் பார்த்துவிட்டேன், தண்ணீர் நல்ல தண்ணீர்தான். பக்கத்தில் யாரும் இல்லாதபோது உன் மடக்கைக் குடித்துவிடு.

நன்றாக இரும்மா.

அப்பா

படித்ததும் இதைக் கிழித்துவிடு. பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொள்ளாதே.