மலைத்தடத்துக்கு வண்டி பார்த்த நாட்கள்

ஜனவரி 5, திங்கள்

ஒன்பது மணி வரை பனி. நேற்றுக் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடியும் ஈரம். து.பருப்பு தீர்ந்தது. இன்று தடத்தை அளக்கும் வேலை.

செல்வத்தோடு ஏறினேன். ராசிபுரத்தில் பட்டறை வைத்திருப்பவன், எங்கள் பழைய ஜீப்பைப் பதினோரு வருடம் பார்த்தவன். என் வீட்டுக்காரர் வரவில்லை. தோள் இன்னும் வலிக்கிறதாம்.

இடுக்குப்பாறை, தடத்திலேயே குறுகலான இடம்: ஐந்து அடி எட்டு அங்குலம். இரண்டு தடவை டேப் வைத்துப் பார்த்தோம். இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம். எட்டிப் பார்க்கவில்லை.

அதற்கு இரண்டு வளைவு கீழேதான் ஐப்பசி மழையில் ஜீப் தடத்தை விட்டு விலகியது. வேங்கை மரம் ஒன்று தாங்கிக்கொண்டது. இவருக்குத் தோள்பட்டை எலும்பு, எனக்கு நெற்றியில் ஆறு தையல். பிரேக் பிடிக்கவில்லை என்றார். கேட்டவர்களிடமெல்லாம் நானும் அதையே சொன்னேன். ஜீப் இரும்புக்குப் போய்விட்டது.

இன்று அந்த இடத்தைக் கடக்கும்போது மலைப் பக்கமாக ஒட்டி நடந்தேன். செல்வம் பார்த்திருப்பான். முன்னால் நடந்தான்.

மேலே எங்களுக்கு நாலு ஏக்கர் மிளகு, கொஞ்சம் காபி. காளியம்மாவும் அவள் புருஷனும்தான் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்கிறார்கள். மிளகு தை கடைசியில் பறிப்புக்கு வந்துவிடும். தலைச்சுமையாக இறக்கினால் இரண்டரை மணி நேரம். போன மாதம் அவள் புருஷனுக்குக் காய்ச்சல் வந்து, போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள். கீழே வரும்போது பேச்சில்லை. பிழைத்துக்கொண்டார். வண்டி வேண்டும்.

இன்னொரு ஜீப் வேண்டாம் என்பது செல்வத்தின் கட்சி. இப்போது தோட்டங்களுக்கென்றே ஒரு வண்டி வருகிறதாம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். ஸ்டியரிங் உண்டு, கிளட்ச் இல்லை. நாலு சக்கரமும் இழுக்கும். பின்னால் சின்னத் தொட்டி, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு. ரோட்டில் ஓட்ட நம்பர் கிடைக்காது. நமக்கு எதற்கு ரோடு, களத்துமேட்டிலேயே தடம் தொடங்குகிறது. பழைய வண்டி இரண்டு இடத்தில் விலைக்கு இருக்கிறது என்றான்.

எனக்கு வேண்டியது: கவிழக்கூடாது. நடுவழியில் நின்றுவிடக்கூடாது. ராசிபுரத்தில் பழுது பார்க்க முடிய வேண்டும். மற்றதெல்லாம் இவர் இஷ்டம்.

ஜனவரி 7, புதன்

வெயில். பால்காரர் வரவில்லை, கறுப்புக் காபி.

திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவருடைய தோட்டம். போர் போட வெளிமாநிலம் போன இடத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டாராம். இப்போது தென்னந்தோப்பில் மட்டை இழுக்கிறது. பச்சை நிறம். அகலம், குட்டை. முகப்பில் ஒரு அழகும் இல்லை.

செல்வம் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதி வைக்கிறேன். சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நிலை. எஞ்சின் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தொட்டியில் மூட்டையைக் குவிக்காமல் பரப்பி வைக்க வேண்டும். மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வண்டியைக் கவிழ்க்கத்தான் பார்க்கும். இறக்கத்தில் காலை எடுத்தாலே எஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டும்.

தென்னங்கட்டை ஒன்றைப் போட்டு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தான். வண்டி சாய்ந்தது, அசையவில்லை. அகலம் ஐந்து அடி இரண்டு அங்குலம். இடுக்குப்பாறையில் பக்கத்துக்கு மூன்று அங்குலம்தான் மிச்சம்.

இவருக்குப் பிடிக்கவில்லை. மாட்டு வண்டியே தேவலை என்றார், வண்டிக்காரர் காதில் விழும்படி. இருபத்திரண்டு வருடம் நாமக்கல் லாரி ஓட்டியவர். வடக்கே பனிமலை வரை போய் வந்தவர். பின்னால் மட்டை இழுக்கும் வண்டியில் உட்காரச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

ஓட்டிப் பாருங்கள் என்று செல்வம் சாவியை நீட்டினான். தோள் வலி என்று வாங்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

இன்று எழுத்து கோணல்.

காலையில் ஏற்காடு அடிவாரம். சுற்றுலாக்காரர்களை வண்டியில் ஏற்றிச் சுற்றவிடும் இடம் ஒன்று, தொழிலை மூடுகிறார்கள். சிவப்பு வண்டி. உயரமான ஸ்பிரிங், பெரிய சக்கரம், அகலம் நாலு அடி இரண்டு அங்குலம்தான். பார்த்ததும் இவர் முகம் மாறிவிட்டது. இடுக்குப்பாறையில் தாராளமாகப் போகும் என்றார். உண்மைதான். இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலம்.

செல்வம் வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்து, தலை கனம் என்று முனகினான். இவர் கேட்டுக்கொள்ளவில்லை. சாவியை அவரே வாங்கினார். என்னைப் பக்கத்தில் ஏறச் சொன்னார். பெல்ட் போட்டுக்கொண்டேன்.

சமதளத்தில் இரண்டு சுற்று. நன்றாகத்தான் ஓட்டினார். பிறகு செம்மண் சரிவு. இறங்கும்போது எதிரில் மண் வரப்பு. “பிரேக்” என்றேன். வண்டி நிற்கவில்லை. வேகம் எடுத்தது. வரப்பில் ஏறி, என் பக்கச் சக்கரம் இரண்டும் தூக்கி, வானம் தெரிந்தது. ஒரு நொடி இருக்கும். தொப்பென்று திரும்ப விழுந்தது. எஞ்சின் அணைந்துவிட்டது.

நான் கத்தவில்லை. கம்பியைப் பிடித்த கையை விரிக்க முடியவில்லை, அவ்வளவுதான். பிரேக் லேட்டாகப் பிடிக்கிறது என்றார் இவர். கீழே நின்றவர்களிடம் அதையே இன்னும் இரண்டு தடவை சொன்னார்.

செல்வம் ஏறினான். அதே சரிவில் இறங்கி, நடுவில் மூன்று தடவை நிறுத்திக் காட்டினான். மூன்று தடவையும் ஆணி அடித்த மாதிரி நின்றது. இறங்கி வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

இவர் கை கழுவப் போன நேரம் என் பக்கம் வந்தான்.

“அக்கா, ஜீப்புலயும் பிரேக் நல்லாத்தானுங்க இருந்துச்சு. இரும்புக்குப் போடறதுக்கு முந்தி நான் கழட்டிப் பாத்தனுங்க.”

“ஏன் இத்தன நாளா சொல்லல?”

“அண்ணன் மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்றது.”

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே எண்ணம். ஜீப் விலகிய அன்றைக்கும் இன்று போலவே எஞ்சின் இரைந்தது. இரைச்சலைக் கேட்டேன். கேட்டதை இரண்டரை மாதமாக எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

அதே நாள், மாலை

வாசலிலிருந்து கூடம் வரை தரையில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. குங்குமம் கொட்டிவிட்டதோ என்று துடைக்கக் குனிந்தேன். ரத்தம். கூடத்தில் இவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். வலது காலில் செருப்பு அப்படியே இருந்தது. செருப்பைத் துளைத்து ஒரு கருவேல முள். உள்ளே ஒரு அங்குலம் போயிருக்கும்.

கீழே உட்கார்ந்து பிடுங்கினேன். டிவியிலிருந்து இவர் திரும்பவே இல்லை. துணியால் அழுத்தினேன். அதன் பிறகுதான் குனிந்து, “என்ன பண்ற?” என்றார்.

முள்ளைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடிக்கொண்டே இருந்தது.

ஜனவரி 10, சனி

மேகமூட்டம். பொங்கல் சாமான் லிஸ்ட்: வெல்லம் 2 கி., பச்சரிசி, முந்திரி 100, ந. எண்ணெய், கோலப்பொடி. கரும்பு இவர் வாங்குவார்.

இவர் காலில் துணி சுற்றிக்கொண்டு நடக்கிறார். நொண்டவில்லை. நொண்டாமல் நடப்பதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

காலைச் சாப்பாட்டில் சொன்னார், சிவப்பு வண்டியைப் பேசி முடித்துவிடலாம், நாளை வார்த்தை கொடுத்துவிடுகிறேன் என்று. இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். வேண்டாம் என்றேன். திருமணமாகி இருபத்தாறு வருடத்தில் வண்டி விஷயத்தில் நான் வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை.

“வண்டியப் பத்தி உனக்கென்ன தெரியும்?”

“வண்டியப் பத்தித் தெரியாதுங்க. உங்க காலப் பத்தித்தான் கேக்கறேன். பிரேக்குன்னு நெனச்சு எதுல கால வெச்சீங்க?”

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சட்னியில் விரலால் கோடு இழுத்தார்.

“தெரியல சுமதி. கால் எங்க இருக்குதுன்னே தெரியல.”

ஒரு வருடமாகவாம். முதலில் விரல் மரத்தது, சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரையால் என்று நினைத்தாராம். பிறகு நடக்கும்போதே செருப்பு கழன்று போய், பத்தடி தள்ளித்தான் தெரிய வருமாம். குளிக்கும்போது வெந்நீரின் சூடு காலில் படுவதில்லை. ஜீப்பில் அன்றைக்குப் பிரேக்கை மிதித்ததாகச் சத்தியமாக நம்பினாராம். மரத்தில் மோதிய பிறகு குனிந்து பார்த்திருக்கிறார். ஆக்சிலேட்டர் மேல் இருந்ததாம் கால்.

என் நெற்றியில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தபோது இவர் குனிந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. என்னைத்தான் பார்க்கிறார் என்று இருந்தேன்.

கோபம் வந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை. அது தெரிந்தும் வெள்ளிக்கிழமை என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாரே. அதைக் கேட்டேன். இந்தத் தடவை சரியாக வந்துவிடும் என்று நினைத்தேன் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சமாதானம் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்கப் போனேன்.

ஜனவரி 12, திங்கள்

சேலம், ஆஸ்பத்திரி. பஸ்ஸில் போனோம். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, இவர் வழி முழுக்க அந்த டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா சின்ன வயது. இவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பத்து இடம். மூன்றுதான் சொன்னார். அதிலும் ஒன்று தொடாதபோது சொன்னது. முள் குத்திய இடத்தைக் கழுவிக் கட்டுப்போட்டார்கள். சீழ் இல்லை, தப்பித்தது.

ஓட்டலாமா என்று இவரே கேட்டார். பெடல் உள்ள எதையும் ஓட்டக்கூடாது என்றார் டாக்டரம்மா. மரத்த உணர்வு திரும்பும் என்று நம்பிக்கை கொடுக்க முடியாது, மேற்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், அதை இன்னொருவர் பார்ப்பது நல்லது.

வெளியே வந்து டீ குடித்தோம். சர்க்கரை இல்லாமல். இவர் லைசென்ஸை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டார். அப்போது கோபம் போய்விட்டது. எங்கே போனதென்று தெரியவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

பச்சை வண்டி என்று செல்வத்துக்குப் போன் பண்ணினேன். யார் ஓட்டுவது என்று கேட்டான். நான் என்றேன். நாளைக்கே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுகிறேன் என்றான். நான் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியிருக்கிறேன், ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். மலை ஓட்டியதில்லை.

இவர் பக்கத்தில்தான் இருந்தார். தடுக்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். களத்துமேட்டில் காலையிலிருந்து பழக்கம். இவர் பக்கத்துச் சீட்டில். இத்தனை மோசமான வாத்தியார் உலகத்தில் இருக்க மாட்டார். நான் திருப்புவதற்கு முன்னாலேயே பல்லைக் கடிக்கிறார். பதினோரு மணிக்கு இறங்கச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டுக்குத் தானே வந்து ஏறிக்கொண்டார். லோ கியரில் போட்டு, இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விடு என்றார். விட்டேன். எஞ்சின் பிடித்தது. அது நல்ல பாடம்.

பட்டி மாட்டுக்குப் பொங்கல் வைக்க நேரமாகிவிட்டது. நோம்பி நாளில் இப்படியா என்று பக்கத்துத் தோட்டத்து அத்தை கேட்டுவிட்டுப் போனார்.

ஜனவரி 18, ஞாயிறு

பனி விலகிய பிறகு, ஒன்பதரை. செல்வம் முன்னால் நடை. நான் ஸ்டியரிங். இவர் இடது பக்கம். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன்.

வேங்கை மரம் வந்தது. பட்டை இன்னும் உரிந்தே இருக்கிறது. இருவரும் நேரே பார்த்துக்கொண்டு போனோம்.

இடுக்குப்பாறை. இறங்கி நடக்கட்டுமா என்றார். உட்காருங்கள், உங்கள் எடை பாறைப் பக்கம் இருப்பதுதான் நல்லது என்றேன். செல்வம் எதிரில் நின்று கையைக் காட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். பாதி வழியில் பின்சக்கரம் சரளையில் வழுக்கி வலப்பக்கம் இரண்டு விரற்கடை போனது. நான் பிரேக்கை மிதித்தேன். நின்றது. எனக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை போல இருந்தது.

இவர் கை ஸ்டியரிங் மேல் வந்துவிட்டது. தெரிந்து செய்யவில்லை. கை தானாக வந்தது. இழுக்கத் தொடங்கினார்.

“கையை எடுங்க.”

எடுக்கவில்லை.

“ஏனுங்க, கையை எடுங்க. நான்தான் ஓட்டறேன்.”

எடுத்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார், சின்னக் குழந்தை மாதிரி. லோ கியர். நாலு சக்கரமும் இழுக்கும் பட்டனை அழுத்தினேன். ஸ்டியரிங்கைப் பாறைப் பக்கம் கொஞ்சமாக ஒடித்து, காலை மெல்ல அழுத்தினேன். சரளை தெறித்தது. சக்கரம் பிடித்தது. கண்ணாடி பாறையில் உரசி மடங்கியது, போகட்டும். தாண்டிவிட்டோம். தாண்டிய பிறகுதான் அழுகை வந்தது. நிறுத்திவிட்டு அழுதேன். செல்வம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேலே போனதும் காளியம்மா வேலியோரம் வந்து நின்றாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள்.

“ஏனுங்க, அம்மாவா ஓட்டியாறாங்க?”

தோள் வலி என்பார் என்று காத்திருந்தேன். எனக்கே அது நாக்கு நுனியில் இருந்தது.

“ஆமா காளியம்மா. என்ற ரெண்டு காலும் மரத்துப்போச்சு. ஜீப்ப மரத்துல உட்டதும் நான்தான், பிரேக் மேல தப்பில்ல. இனி இவதான் ஓட்டுவா.”

செல்வம் இருக்கும்போதே சொன்னார். காளியம்மா காபி போட உள்ளே போனாள்.

இறக்கத்தில் காபிக்கொட்டை நாலு மூட்டை, பரப்பி வைத்து, கயிறு போட்டு. காளியம்மா புருஷன் நாளை ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனைக்கு எங்களோடு வந்தார், மூட்டைகளுக்கு நடுவில். இடுக்குப்பாறையில் லோ கியர். மூன்றே காலுக்கு வீடு.

கண்ணாடி மாற்ற வேண்டும். இவர் கூப்பிடுகிறார், நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் முக்காலி மேல் நீட்டிக்கொண்டு. போய்ப் பார்க்க வேண்டும்.